மாற்றி மீட்டிப் பார்ப்போம்

(பள்ளி இசைக்குழுவினர்)



ஒரு பாட்டைக் கேட்கும்போது முதலில் நம் செவியில் விழுவது பாடுபவரின் குரல். அடுத்துக் குழலும் வயலினும் கேட்கும். தபேலாவோ டிரம்மோ தாளத்தைச் சொல்லும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ‘தும், தும்’ என்று கனத்த ஒலி ஒன்று நடந்துகொண்டே இருக்கும். அதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஆனால் அது நின்றுவிட்டால், பாட்டில் ஏதோ குறைந்துவிட்டது என்று எல்லோருக்கும் தோன்றும். அதுதான் பேஸ் கித்தாரின் ஒலி.

நெய்வேலியில் வாழும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினம் அன்று. நாம் நடக்கும் மண்ணுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. அதற்கும் அடியில் பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைப்பதற்காகச் சுரங்கத்தில் இரவும் பகலும் பம்புகள் ஓடுகின்றன. அவை ஓடாவிட்டால் சுரங்கத்தின் தரையே மேலெழும்பிவிடும். வட்டத்து வீடுகளில் உறங்கும் நமக்கு அந்தப் பம்புகளின் ஓசை கேட்பதில்லை. ஆயினும் அவை ஓடுவதால்தான் ஷிப்டு முடிந்து நம் தந்தையர் பத்திரமாக வீடு திரும்புகிறார்கள். பேஸ் கித்தார் செய்வதும் இத்தகைய வேலைதான்.

எங்கள் இசைக்குழுவில் ஒரே ஒரு பேஸ் கித்தார் உண்டு. அதை மூவர் மாற்றி மாற்றிக் கற்கிறோம். கற்கும்போது நாங்கள் செய்த ஒரு பிழையையும், அதிலிருந்து மீண்ட வழியையும் இங்கே எழுதுகிறோம். வீணையோ மிருதங்கமோ தட்டச்சோ பயிலும் தோழியருக்கும் இது பயன்படும் என்பது எங்கள் நம்பிக்கை.

கருவியைப் பற்றிச் சில சொற்கள்

முன்காலத்தில் மேல்நாட்டு இசைக்குழுக்களில் கீழ்ஸ்தாயி ஒலிக்கு டபுள் பேஸ் என்னும் கருவியைப் பயன்படுத்தினர். அது ஆள் உயரத்துக்கும் மேற்பட்டது. பெரும்பாலும் நின்றுகொண்டே வாசிப்பார்கள். 1951-ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ பெண்டர் என்பவர் தோளில் மாட்டி வாசிக்கும் மின்சார பேஸ் கித்தாரை விற்பனைக்குக் கொண்டு வந்தார். வீணைக்கு இருப்பதுபோல் இதற்கும் மெட்டுகள் உண்டு. ஆகவே சுருதி பிசகாமல் விரல் வைப்பது எளிதாயிற்று.

வீணையில் வாசிக்கும் தந்திகள் நான்கு. தாளத் தந்திகள் மூன்று. பேஸ் கித்தாரில் வாசிக்கும் தந்திகள் பொதுவாக நான்கு மட்டுமே. மிகத் தடித்த தந்தி வினாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. மற்றவை முறையே 55, 73, 98 முறை அதிர்கின்றன. சாதாரணக் கித்தாரின் கீழ் நான்கு தந்திகளைவிட இவை சரியாக ஒரு ஸ்தாயி தாழ்ந்தவை.

இடது கை மெட்டின்மேல் தந்தியை அழுத்தி எந்தச் சுரம் என்பதைத் தீர்மானிக்கிறது. வலது கை அந்தச் சுரம் எப்படிப் பிறக்க வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. எங்கள் பிழை முழுவதும் வலது கையில்தான் இருந்தது.

நாங்கள் தடுமாறிய நாள்

பள்ளி விழா ஒன்றில் மூன்றாம் வகுப்புச் சிறுமியர் ஒரு பாட்டுப் பாடினர். நாங்கள் பின்னணி வாசித்தோம். ஒத்திகையில் எல்லாம் நன்றாகவே நடந்தது. மேடையில் பதற்றம் வந்ததும் எங்கள் ஆள்காட்டி விரல் தந்தியைப் பலமாக இழுக்கத் தொடங்கியது. ஒரு சுரம் அடங்குமுன் அடுத்தது வந்து மோதியது. வேகமும் எங்களை அறியாமல் கூடியது. இரண்டாவது சரணத்தில் சிறுமியர் எந்த இடத்தில் எடுப்பது என்று தெரியாமல் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சிறுமியின் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அன்று யாரும் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எங்களுக்கு மேலும் வேதனையாக இருந்தது. இனி அதிகமாகப் பயிற்சி செய்வது என்று தீர்மானித்தோம். நாள்தோறும் அதே பாட்டை அதே விரலால் நூறு முறை வாசித்தோம். மூன்று வாரத்தில் கிடைத்த பலன், எங்களில் ஒருத்திக்கு மணிக்கட்டு வலி. அவள் கித்தாரையே விட்டுவிடலாமா என்று யோசித்தாள். அவள் தாயாரும், “படிப்பு இருக்கும்போது இது எதற்கு?” என்று கேட்டார்.

அப்போது வழி காட்டியவர் அவளுடைய பாட்டியார். அவர் இளமையில் வீணை பயின்றவர். பேஸ் கித்தாரை அதற்குமுன் பார்த்ததில்லை. சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “ஏம்மா, ஒரே மாதிரி குத்திக்கிட்டே இருந்தா கை எப்படி வளரும்? தப்பைத்தானே நூறு தடவை பழகுறீங்க! கையை மாத்தி வாசிச்சுப் பாருங்க” என்றார்.

“தப்பைத்தானே பழகுகிறீர்கள்” என்ற சொல் எங்களைச் சுட்டது. அன்றிலிருந்து நான்கு வகையில் வாசிக்கத் தொடங்கினோம்.

முதல் வகை: இரு விரல்கள்

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி நடப்பது போலத் தந்தியை மீட்டுவது இந்த வகை. கட்டைவிரல் மேல் தந்தியிலோ பிக்கப்பின் மேலோ ஊன்றியிருக்கும். சதையால் மீட்டுவதால் ஒலி உருண்டையாக, இதமாக வரும். கழுத்துப் பக்கம் மீட்டினால் மென்மை கூடும். பாலத்தின் பக்கம் மீட்டினால் கூர்மை கூடும். காரணம், தந்தியின் முனைக்கு அருகில் மீட்டும்போது மேல் அதிர்வுகள் அதிகம் எழுகின்றன.

இதில் ஒரு குறையும் உண்டு. இரு விரல்களும் ஒரே நீளமும் வலிமையும் உடையவை அல்ல. எனவே ஒரு சுரம் ஓங்கியும் அடுத்தது தாழ்ந்தும் ஒலிக்கும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் புகழ்பெற்ற ஜேம்ஸ் ஜேமர்சன் (1936–1983) ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தவர். அவர் பள்ளி நாட்களில் டபுள் பேஸ் பயின்று அந்தப் பழக்கத்தை மின்சாரக் கருவிக்குக் கொண்டு வந்தவர். ஒரு விரலால் முடியுமே என்று நாங்களும் எண்ணியிருந்தோம். ஆனால் பெரிய தந்திகளோடு பல ஆண்டுகள் பழகிய விரல் அது; ஆறு மாதம் பழகிய விரல் எங்களுடையது!

இரண்டாம் வகை: பிக்

முக்கோண வடிவமான சிறு பிளாஸ்டிக் துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து, தந்தியைக் கீழும் மேலுமாகத் தட்டுவது இந்த வகை. ஒவ்வொரு சுரத்தின் தொடக்கமும் ‘டிக்’ என்று தெளிவாகக் கேட்கும். எனவே தாளத்துக்கு முன்னே ஓடினாலும் பின்னே தங்கினாலும் உடனே வெளிப்பட்டுவிடும். எங்கள் வேகம் கூடுகிறது என்பதை முதலில் காட்டிக்கொடுத்தது இந்தச் சிறு துண்டுதான்.

பெண்கள் அறிந்து மகிழ வேண்டிய வரலாறு ஒன்று இந்த வகையோடு சேர்ந்தது. 1935-இல் பிறந்த கேரல் கேய் என்னும் அமெரிக்கப் பெண்மணி முதலில் கித்தார்தான் வாசித்து வந்தார். 1963-இல் ஓர் ஒலிப்பதிவுக்குப் பேஸ் கித்தார் கலைஞர் வராமற் போகவே, அவரிடம் அந்தக் கருவியைக் கொடுத்தார்கள். கித்தாரில் பழகிய பிக்கையே அவர் பேஸிலும் பயன்படுத்தினார். ஒலி அதிகம் நீளாமல் இருக்கத் தந்திகளின்மேல் கம்பளித்துணித் துண்டை வைத்துக்கொண்டார். பீச் பாய்ஸ் குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ (1966) இசைத்தட்டு உட்பட எண்ணற்ற பதிவுகளில் அவருடைய வாசிப்பு உண்டு. பிற்காலத்தில் பேஸ் கித்தார் கற்பதற்கான நூல்களும் எழுதினார். அன்று “எனக்குக் கித்தார்தான் தெரியும்” என்று அவர் ஒதுங்கியிருந்தால் இவை ஒன்றும் நடந்திருக்காது.

மூன்றாம் வகை: உள்ளங்கையும் கட்டைவிரலும்

உள்ளங்கையின் ஓரத்தைப் பாலத்தின் அருகே தந்திகளின்மேல் மெதுவாக வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் கீழ்நோக்கி மீட்ட வேண்டும். ஒலி குறுகி, ‘தொம்’ என்று பிறந்து உடனே அடங்கும். கையைச் சற்று அழுத்தினால் சுரமே கேட்காது. சற்றுத் தளர்த்தினால் நீண்டு ஒலிக்கும். அந்த நடு அளவைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

சுரத்தை எழுப்புவது போலவே அடக்குவதும் வாசிப்பின் பகுதி என்பதை இதில்தான் அறிந்தோம். சிறுமியரின் பாட்டைக் குழப்பியது நாங்கள் எழுப்பிய சுரங்கள் மட்டும் அல்ல. நாங்கள் அடக்காமல் விட்ட சுரங்களும்தாம். இந்த வகையில் பலம் தேவையில்லை. ஆகையால் மணிக்கட்டு வலித்த தோழிக்கும் இது ஆறுதல் தந்தது.

நான்காம் வகை: அடித்தலும் சுண்டலும்

கட்டைவிரலின் எலும்புப் பக்கத்தால் தடித்த தந்தியை அடித்து உடனே கையை எடுப்பது. மெல்லிய தந்தியின் அடியில் விரலைக் கொடுத்துச் சுண்டிவிடுவது. இவை இரண்டும் சேர்ந்ததே நான்காம் வகை. மிருதங்கம் பயிலும் தோழியருக்கு ஒன்று சொன்னால் விளங்கிவிடும்: கட்டைவிரல் அடி தொப்பி, சுண்டும் விரல் வலந்தலை.

இது தேவையிலிருந்து பிறந்த வகை. 1946-இல் பிறந்த லாரி கிரகாம் என்பவர் இளமையில் தம் தாயாரோடு சேர்ந்து இசை நிகழ்ச்சிகள் நடத்தினார். தாயார் பியானோ வாசிப்பார். மகன் பேஸ் வாசிப்பார். டிரம் வாசிக்க ஆள் இல்லாத நிலை வந்தபோது, அந்தக் குறையைத் தீர்க்கத் தந்திகளையே டிரம் போல அடிக்கவும் சுண்டவும் தொடங்கினார். அவருடைய வாசிப்பு உலகெங்கும் பரவியது.

பாடற்குழுவின் அமைதியான பாட்டுகளுக்கு இந்த வகை பொருந்தாது. நாங்கள் மேடையில் இதை ஒருமுறையும் வாசித்ததில்லை. ஆயினும் பயிற்சியில் விடுவதில்லை. தாளம் விரலில் மட்டும் இல்லாமல் தோளிலும் மூச்சிலும் இருக்க வேண்டும் என்று கற்றுத் தந்தது இதுவே.

நம் நாட்டில்

பேஸ் கித்தார் நமக்கு அந்நியமான கருவி என்று நினைக்க வேண்டாம். இளையராஜா தம் பாடல்களில் ஒவ்வொரு கருவிக்கும் தாமே இசைக்குறிப்பு எழுதித் தருபவர். அவர் இசையில் பேஸ் கித்தார் அடியில் கிடக்கும் துணை மட்டும் அன்று. தனியே ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு வரும். ‘மூடுபனி’ (1980), ‘நினைவெல்லாம் நித்யா’ (1982) ஆகிய படங்களின் பாடல்களைக் குரலை விட்டுவிட்டு அடியொலியை மட்டும் கேட்டுப் பாருங்கள். அவர் குழுவில் நெடுங்காலம் பேஸ் கித்தார் வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர். ரகுமானின் பல பாடல்களில் வாசித்தவர் சென்னையைச் சேர்ந்த கீத் பீட்டர்ஸ்.

எங்களுக்கு மிகவும் ஊக்கம் தந்தவர் மோகினி டே. 1996-இல் மும்பையில் பிறந்தவர். அவருடைய தந்தையும் பேஸ் கித்தார் கலைஞர். மகளுக்கு மூன்று வயதிலேயே கற்பிக்கத் தொடங்கினார். விரல், கட்டைவிரல் அடி, இரு கைகளாலும் மெட்டின்மேல் தட்டுதல் என்று ஒரே பாட்டுக்குள் பல வகைகளுக்குத் தாவி வாசிக்கிறார். நம் கொன்னக்கோல் சொற்களை வாயால் சொல்லிக்கொண்டே அதே நடையைத் தந்தியிலும் கொண்டு வருகிறார். 2023-இல் தம் பெயரிலேயே முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டார். ‘இது ஆண்பிள்ளைகள் வாசிக்கும் கருவி’ என்று எங்களிடம் சொல்பவர்களுக்கு நாங்கள் விடை சொல்வதில்லை. அவருடைய வாசிப்பைக் கேட்கச் செய்கிறோம்.

மாற்றினால் ஏன் வளர்கிறது?

1978-இல் கெர், பூத் என்னும் இரு ஆய்வாளர்கள் எட்டு வயதுக் குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். சிறு பைகளைக் குறிவைத்து எறிய வேண்டும். ஒரு பிரிவினர் எப்போதும் மூன்றடித் தூரத்திலிருந்தே பழகினர். மற்றொரு பிரிவினர் இரண்டடியிலும் நான்கடியிலும் பழகினர். மூன்றடியில் பழகவே இல்லை. சில வாரங்களுக்குப் பிறகு எல்லோரையும் மூன்றடியிலிருந்து எறியச் சொன்னார்கள். யார் சிறந்தார்கள்? மாற்றி மாற்றிப் பழகிய பிரிவினரே!

ஒரே தூரத்தில் பழகியவர்களின் கை அந்த ஓர் அசைவை மட்டும் மனப்பாடம் செய்தது. மாற்றிப் பழகியவர்களோ தூரத்துக்கு ஏற்ப எவ்வளவு விசை வேண்டும் என்பதையே கற்றுக்கொண்டார்கள் என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். எங்கள் அனுபவமும் இதுவே. ஒரே விரலால் நூறு முறை வாசித்தபோது கை வாசித்தது, காது தூங்கியது. வகை மாறியதும் பழைய சுரமே புதிதாகக் கேட்டது. ஒன்றில் மறைந்திருந்த குற்றம் மற்றொன்றில் வெளிப்பட்டது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. மாற்றத் தொடங்கிய முதல் வாரங்களில் எங்கள் வாசிப்பு முன்னைவிட மோசமாயிற்று. பிக் கையிலிருந்து நழுவி விழுந்தது. கட்டைவிரல் அடுத்த தந்தியை அடித்தது. இந்த நிலையில் பலர் மனம் தளர்ந்து பழைய வழக்கத்துக்கே திரும்பிவிடுவார்கள். அந்த வாரங்களைப் பொறுத்துக் கடக்க வேண்டும்.

பயிற்சி செய்யும் முறை

1. நன்றாகத் தெரிந்த எளிய பாட்டில் எட்டு தாள வட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய பாட்டு வேண்டாம்.

2. மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 என்று வையுங்கள். இக்கருவி இல்லையெனில் கைப்பேசியிலும் இதைப் பெறலாம். சுவர்க் கடிகாரத்தின் வினாடி ஓசையும் போதும்.

3. இரு விரல், பிக், உள்ளங்கை, அடித்தல் என்று வகைக்கு ஐந்து நிமிடம். மொத்தம் இருபது நிமிடம். பள்ளிப் பாடங்களுக்கு இதனால் இடையூறு வராது.

4. முடிவில் மறுபடியும் இரு விரலுக்குத் திரும்பி ஒரே ஒரு முறை வாசியுங்கள். பிக்கின் தெளிவையும் உள்ளங்கையின் அடக்கத்தையும் இந்த விரல்களிலேயே கொண்டு வர முயலுங்கள். மற்ற வகைகளுக்குப் போய் வந்ததன் பயன் இங்கேதான் தெரியும்.

5. வாரம் ஒருமுறை ஒலிப்பதிவு செய்து கேளுங்கள். வாசிக்கும்போது கேளாத குற்றங்கள் அப்போது கேட்கும்.

6. வலி வந்தால் உடனே நிறுத்துங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பது வீரம் அன்று. மணிக்கட்டை வளைக்காமல் நேராக வையுங்கள். வலி நீடித்தால் பெற்றோரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். ஒலி போதவில்லையென்றால் ஆம்ப்ளிபயரைச் சற்றுக் கூட்டுங்கள். விரலின் பலத்தைக் கூட்டாதீர்கள்.

நிறைவாக

கடந்த டிசம்பரில் அதே சிறுமியர் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடினார்கள். நாங்களே வாசித்தோம். மணிக்கட்டு வலித்த தோழிதான் அன்று கித்தாரை ஏந்தினாள். முதற்பகுதியை உள்ளங்கை வைத்து மெதுவாக வாசித்தாள். எல்லோரும் சேர்ந்து பாடும் பகுதி வந்ததும் இரு விரலுக்கு மாறினாள். நடுவில் ஒரு சுரம் தவறியது உண்மை. ஆனால் சிறுமியர் ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே இருந்த தங்கள் பெற்றோரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பாடினார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் அவர்களைப் பாராட்டினர். பேஸ் கித்தாரைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. முதல் வரிசையில் இருந்த பாட்டியார் மட்டும் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

நாங்கள் மூவரும் இந்த ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பள்ளியிலிருந்து விடைபெறுகிறோம். இசை அறையின் மூலையில், பச்சைத்துணி உறைக்குள், அந்தக் கித்தார் இருக்கும். உறையின் பையில் பிக் இரண்டு உள்ளன. ஏழாம் வகுப்புக்கு மேற்பட்ட தோழியரில் விருப்பமுள்ளவர்கள் புதன்கிழமை மாலை வந்தால், தேர்வுக்கு முன் எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லித் தருகிறோம். விரல் சிறியதாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். எங்கள் விரல்களும் சிறியனவே.